உலோகத்தின் மேல் எலும்பு வளர்ப்பது

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ஸ்டீல் பிளேட்டும் ஆறு ஸ்க்ரூக்களும் இருக்கின்றன. அப்பா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முன்கை எலும்பை முறித்துக்கொண்டபோது உள்ளே வைத்தவை. ஒன்றரை வருடம் கழித்து, எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று எக்ஸ்ரே பார்த்துச் சொல்லிவிட்டு, கழற்றிக் கழுவிக் கையில் கொடுத்தார்கள்.

அதை வெளிச்சத்தில் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஒன்றரை வருடம் எலும்போடு உரசி உட்கார்ந்திருந்த உலோகம். ஆனால் அதன் மேல் எலும்பின் துணுக்கு ஒன்றுகூட இல்லை. நேற்று கடையில் வாங்கிய ஸ்பூன் மாதிரி பளபளவென்று இருக்கிறது. எலும்பு அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. பக்கத்தில் இருக்கவிட்டது, அவ்வளவுதான்.

பிளேட்டுக்கு அது நல்லதுதான். வேலை முடிந்ததும் கழற்ற வேண்டிய பொருள், சுலபமாக வர வேண்டும். ஆனால் இடுப்பு மூட்டு மாற்றிக்கொள்பவருக்கும், விழுந்த பல்லின் இடத்தில் தாடை எலும்புக்குள் ஸ்க்ரூ வைத்துச் செயற்கைப் பல் கட்டிக்கொள்பவருக்கும் கதையே வேறு. அந்த உலோகம் இருபது, முப்பது வருடம் உள்ளேயே இருந்து, நடக்கும்போதும் மெல்லும்போதும் வரும் பாரத்தையெல்லாம் எலும்புக்குக் கடத்த வேண்டும். ஒட்டாமல் பளபளவென்று உட்கார்ந்திருந்தால் ஒருநாள் ஆட ஆரம்பித்துவிடும்.

உடலுக்குள் அந்நியப் பொருள் ஒன்று வந்தால், அதை அழிக்கவும் முடியாமல் வெளியே தள்ளவும் முடியாமல் போகும்போது, உடல் அதைச் சுற்றி நார்த்திசுவால் ஒரு மெல்லிய உறை கட்டிவிடும். முள் உள்ளே தங்கிவிட்டால் அதைச் சுற்றிக் கெட்டியாகிறதே, அதே தற்காப்புதான். உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவில் இந்த உறை வந்துவிட்டால், இரண்டும் நேராகத் தொட்டுக்கொள்ள வழியில்லை. பாரம் ஏறும்போது உலோகம் உறைக்குள் நகரும். அந்த அசைவே உறையை இன்னும் தடிமனாக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சுமார் 150 மைக்ரானுக்கு மேல் அசைவு இருந்தால் எலும்புக்குப் பதிலாக நார்த்திசுதான் வளரும் என்பது இந்தத் துறையில் பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு. ஒரு தலைமுடியின் தடிமனில் ஒன்றரை, இரண்டு மடங்குதான் அது.

1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி நவீன இடுப்பு மூட்டு மாற்றத்துக்கு வடிவம் கொடுத்தபோது, இந்தச் சிக்கலைச் சமாளிக்கப் பல் மருத்துவர்கள் பயன்படுத்திவந்த அக்ரிலிக்கை எடுத்துக்கொண்டார். அதற்குப் பெயர் எலும்பு சிமென்ட். ஆனால் அது பசை இல்லை. ஓடு பதிக்கும்போது இடுக்கை அடைக்கும் காரை மாதிரி இடைவெளியை நிரப்பி இறுக்கிப் பிடிக்கும். இன்றைக்கும் வயதானவர்களுக்கு நல்ல பலன் தருகிறது. இளம் வயதில் மூட்டு மாற்றிக்கொண்டு முப்பது வருடம் ஓடியாடப் போகிறவருக்கு, சிமென்ட் இல்லாமலே எலும்பு நேராக உலோகத்தைப் பிடித்துக்கொண்டால் நன்றாக இருக்குமே என்ற ஆசை அப்போதிருந்தே இருந்தது.

எலும்பு அப்படிப் பிடித்துக்கொள்ளும் என்பதை யாரும் திட்டம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு இடங்களில், இரண்டு பேருக்கு, உள்ளே வைத்த பொருளைக் கழற்ற முடியாமல் போனதுதான் தொடக்கம்.

முதலாமவர் ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க். 1952 வாக்கில் லுண்ட் நகரில் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியத்தால் செய்த சின்னக் கூடு ஒன்றைப் பொருத்தி, மஜ்ஜைக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். டைட்டானியம் விலை உயர்ந்த பொருள், எனவே ஆய்வு முடிந்ததும் கழற்றி அடுத்த முயலுக்கு வைக்கலாம் என்று பார்த்தால், வரவில்லை. எலும்பு அதன் மேல் நெருக்கமாக வளர்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. அதையே பிடித்துக்கொண்டு போய் 1965இல் கோத்தன்பர்க்கில் ஒரு நோயாளியின் தாடையில் டைட்டானிய ஸ்க்ரூ வைத்தார். இன்று தெருவுக்குத் தெரு பல் மருத்துவமனைகளில் ‘இம்பிளான்ட்’ என்று போர்டு தொங்குவதற்கு வேர் அந்த முயல்தான்.

இரண்டாமவர் அமெரிக்காவின் லாரி ஹென்ச். கண்ணாடி, பீங்கான் துறைக்காரர். 1967இல் ஒரு கருத்தரங்குக்குப் பேருந்தில் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், வியட்நாமிலிருந்து திரும்பிய ராணுவ அதிகாரி. கதிர்வீச்சைத் தாங்கும் பொருள் செய்கிறீர்களே, மனித உடலைத் தாங்கும் பொருள் செய்ய முடியாதா என்று அவர் கேட்டதாக ஹென்ச்சே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஹென்ச்சின் யோசனை எளிமையானது. எலும்பில் இருப்பது கால்சியமும் பாஸ்பேட்டும். அவற்றையே வெளியிடும் ஒரு கண்ணாடியைச் செய்தால் உடல் அதை அந்நியமாக நினைக்காதே? 1969இல் சிலிக்கா, சோடா, சுண்ணாம்பு, பாஸ்பேட் சேர்த்து உருக்கிய கண்ணாடித் துண்டுகளை எலிகளின் தொடை எலும்பில் வைத்தார்கள். ஆறு வாரம் கழித்து எடுக்கப் போனால் வரவில்லை. எலும்போடு ஒட்டியிருந்தது. அதுதான் பயோகிளாஸ்.

இரண்டிலும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். டைட்டானியத்தின் மேல் எலும்பு மெதுவாக, மாதக்கணக்கில் வந்து நெருங்குகிறது. கண்ணாடியோ சில வாரத்தில் வேதியியலாகவே எலும்போடு இணைந்துவிடுகிறது. ஆனால் கண்ணாடியால் தொடை எலும்புக்குள் இறங்கும் இடுப்பு மூட்டுத் தண்டு செய்ய முடியாது, ஒரே அடியில் நொறுங்கிவிடும். உலோகத்தின் பலமும் கண்ணாடியின் ஒட்டும் குணமும் ஒரே பொருளில் வேண்டும். உலோகத்தின் மேல் எலும்புக் கனிமப் பூச்சு என்ற துறை முழுவதும் இந்தத் தேவையிலிருந்து கிளைத்ததுதான்.

சரி, எலும்புக் கனிமம் என்றால் என்ன? எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கனிமம். மீதி பெரும்பாலும் கொலாஜன் நாரும் தண்ணீரும். அந்தக் கனிமத்தின் அடிப்படை ஹைட்ராக்சிஅபடைட், சுருக்கமாக அபடைட். பத்து கால்சியம், ஆறு பாஸ்பேட், இரண்டு ஹைட்ராக்சில் என்ற கணக்கில் அமைந்த படிகம். கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதம் 1.67. பாடப்புத்தகம் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் நம் எலும்பில் இருப்பது இந்தச் சுத்தமான படிகம் இல்லை. அதில் கார்பனேட் கலந்திருக்கும், கொஞ்சம் சோடியம், மெக்னீசியம் புகுந்திருக்கும், ஒழுங்கு குறைவு. படிகங்களும் மிகச் சின்னவை. சில நானோமீட்டர் தடிமனும் சில பத்து நானோமீட்டர் நீளமும் கொண்ட மெல்லிய தகடுகள். இந்தக் குறைபாடுகள்தான் எலும்பின் உயிர் என்று சொல்வேன். ஒழுங்கு குறைந்த சின்னப் படிகம் சுலபமாகக் கரையும். அதனால்தான் பழைய எலும்பைத் தின்னும் செல்களால் அதைக் கரைக்கவும், கட்டும் செல்களால் அந்த இடத்தில் புதிதாகக் கட்டவும் முடிகிறது. கெட்டியான, பெரிய, குறையற்ற படிகமாக இருந்தால் எலும்பு வெறும் கல்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, தொழிற்சாலைகள் முதலில் தேர்ந்தெடுத்த வழியைப் பாருங்கள். பிளாஸ்மா தெளிப்பு. அபடைட் தூளை 10,000 டிகிரிக்கும் மேல் கொதிக்கும் பிளாஸ்மா என்ற மின்னேறிய வாயுச் சுடருக்குள் ஊதுவார்கள். தூள் ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம்தான் அதற்குள் இருக்கும். மேற்புறம் உருகிய நிலையில் உலோகத்தில் போய் மோதி, அப்பளம் மாதிரித் தட்டையாகி உறையும். ஒன்றன்மேல் ஒன்றாக 50 முதல் 150 மைக்ரான் வரை பூச்சு ஏறும். 1985இல் லண்டனில் ரொனால்ட் ஃபர்லாங் இப்படி அபடைட் பூசிய இடுப்பு மூட்டுத் தண்டை நோயாளிக்குப் பொருத்தினார். அடுத்த வருடமே நெதர்லாந்திலும் ஆரம்பித்தார்கள். எலும்புக்கும் தண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால்கூட, பூச்சு இருக்கும்போது எலும்பு அதைத் தாண்டி வந்து பிடிப்பதை விலங்கு ஆய்வுகள் காட்டின. இன்றும் உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கும் முறை இதுதான். அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஆனாலும் அது நெருப்பில் பிறந்த அபடைட். அந்தச் சூட்டில் ஹைட்ராக்சில் ஓடிவிடும், ஒரு பகுதி சிதைந்து ட்ரைகால்சியம் பாஸ்பேட்டாகவும் சுண்ணாம்பாகவும் மாறும், இன்னொரு பகுதி படிகமாகவே ஆகாமல் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். ஒவ்வொன்றும் உடலுக்குள் ஒவ்வொரு வேகத்தில் கரையும். பூச்சு தடிமனாக இருந்தால் உலோகத்தை விட்டு உரிந்து வரும் அபாயம் உண்டு. உரிந்த துகள் மூட்டின் வழவழப்பான பகுதிக்குள் போனால் மணல் போல அராவும். இன்னொரு குறை, சுடர் நேராகப் பார்க்கும் இடத்தில்தான் பூச்சு விழும். சுவருக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பது போலத்தான், முடுக்குக்குள் போகாது. இன்று முப்பரிமாண அச்சில் பஞ்சு போலத் துளைகளோடு இம்பிளான்ட் செய்கிறார்கள். அந்தத் துளைகளின் உட்சுவரில் பூசப் பிளாஸ்மாவால் முடியாது. வடக்கு ஐரோப்பிய நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேடுகளை அலசிய ஆய்வுகள் சிலவற்றில், சில வகைத் தண்டுகளில் பூச்சு இருப்பதும் இல்லாததும் நீண்டகாலத்தில் பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொரசொரப்பான டைட்டானியமே பாதி வேலையைப் பார்த்துவிடுகிறது.

அப்படியானால் பூசாமல் வளர்த்தால் என்ன?

இதைப் புரிந்துகொள்ள உடன்குடிப் பக்கம் பனங்கற்கண்டு செய்வதை நினைத்துக்கொண்டால் போதும். பதநீரைக் காய்ச்சிப் பாகு பதத்தில் இறக்கி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, ஆடாமல் அசையாமல் வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். யாரும் நூலில் கற்கண்டைப் பூசுவதில்லை. தாங்கக்கூடிய அளவுக்கு மேல் சர்க்கரையைச் சுமந்துகொண்டிருக்கும் பாகு, இறக்கிவைக்க ஓர் இடம் தேடிக்கொண்டிருக்கிறது. நூலின் சொரசொரப்பு அந்த இடத்தைக் கொடுக்கிறது. முதல் படிகம் பிடித்துவிட்டால் அப்புறம் அது தானாகவே வளரும்.

நம் ரத்தமும் உடல் திரவமும் அந்தப் பாகு மாதிரிதான். அபடைட்டைப் பொறுத்தவரை அவை மிகைச்செறிவான கரைசல்கள். தாங்க வேண்டியதற்கு மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் எப்போதும் அதில் மிதந்துகொண்டிருக்கின்றன. அப்படியானால் நாம் ஏன் கல்லாகிப் போகவில்லை? முதல் படிகக் கரு உருவாவதுதான் கடினம், அதற்கு ஒரு தடையைத் தாண்ட வேண்டும். அது போக, ஃபெட்டுவின்-ஏ என்ற புரதமும் பைரோபாஸ்பேட்டும் மெக்னீசியமும் கண்ட இடத்தில் படிகம் பிடிக்காமல் காவல் காக்கின்றன. ஃபெட்டுவின் இல்லாமல் வளர்த்த எலிகளின் மென்திசுக்களில் சுண்ணாம்பு படிந்ததை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். காவல் தளர்ந்த இடங்களில் நமக்கும் இது நடக்கிறது. பல் இடுக்கில் பிடிக்கும் காரை ஓர் உதாரணம், வயதானவர்களின் ரத்தக்குழாய்ச் சுவரில் படிவது இன்னொன்று. ஆகவே உலோகத்தின் மேல் எலும்புக் கனிமம் வர வேண்டுமென்றால் அதைக் கொண்டுவந்து அப்ப வேண்டியதில்லை. நூல் செய்யும் வேலையை உலோகம் செய்தால் போதும்.

இந்தக் கோணத்தைத் துறையாகவே வளர்த்தவர் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தடாஷி கொகுபோ. எலும்போடு ஒட்டும் ஒரு கண்ணாடிப் பீங்கானை அவரது குழு 1982இல் செய்திருந்தது. அது ஏன் ஒட்டுகிறது என்று தேடியபோது, உடலுக்குள் வைத்த துண்டின் மேற்பரப்பில் மெல்லிய அபடைட் அடுக்கு ஒன்று தானாக உண்டாகியிருப்பதைக் கண்டார்கள். எலும்பு பிடித்தது அந்த அடுக்கைத்தான். அதை உண்டாக்கியது செல்களா, வெறும் திரவமா? கண்டுபிடிக்க ஒரே வழி, செல் ஒன்றுகூட இல்லாத, உப்பு அளவுகள் மட்டும் ரத்தத் தெளிவை, அதாவது செல்கள் நீங்கிய ரத்த நீரை, போலவே உள்ள ஒரு திரவத்தைத் தயாரித்து அதில் போட்டுப் பார்ப்பது. போட்டார்கள். அபடைட் வந்தது. செல்கள் தேவைப்படவில்லை!

1990இல் வெளியான அந்தத் திரவத்தின் பெயர் எஸ்பிஎஃப், போலி உடல் திரவம் என்று சொல்லிக்கொள்ளலாம். இன்று இந்தத் துறையில் இதைக் கலக்காத ஆய்வுக்கூடம் அநேகமாக இருக்காது. கலப்பது சமையல் மாதிரி, ஆனால் பொறுமை கேட்கும் சமையல்.

ஒரு லிட்டருக்கு என்றால், முதலில் 700 மில்லி தூய நீரை 36.5 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், உள்ளே கீறல் இருக்கக் கூடாது. கண்ணாடிச் சுவரோ ஒரு கீறலோ கிடைத்தால் போதும், நாம் வளர்க்க நினைக்கும் படிகம் அங்கே போய் உட்கார்ந்துவிடும். பிறகு ஒவ்வொன்றாக, முந்தையது முழுக்கக் கரைந்த பிறகே அடுத்தது: சாதாரண உப்பு 8.035 கிராம், சோடியம் பைகார்பனேட் 0.355 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.225 கிராம், அப்புறம் பொட்டாசியம் பாஸ்பேட், மெக்னீசியம் குளோரைடு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலம் போன பிறகுதான் கால்சியம் குளோரைடு 0.292 கிராம். இந்த வரிசை முக்கியம். பாஸ்பேட் இருக்கும் தண்ணீரில் அமிலம் இல்லாமல் கால்சியத்தைக் கொட்டினால் அங்கேயே திரிந்துவிடும். கடைசியாக, அமில-கார நிலையைக் குலையாமல் பிடித்து வைக்கும் ட்ரிஸ் என்ற தாங்கற்பொருளைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு பிஎச் மதிப்பை 7.40க்கு ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஒரு கரண்டி அதிகம் போட்டு 7.45ஐத் தாண்டினால் தண்ணீர் கலங்கும். கலங்கினால் அத்தனையையும் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். நன்றாக வந்த திரவம் வெறும் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். குளிர்பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும்.

இந்தத் திரவத்தில் பளபளப்பான டைட்டானியத் துண்டைப் போட்டால் வாரக்கணக்கில் பார்த்தாலும் பெரிதாக எதுவும் நடக்காது. 1996இல் கொகுபோவின் குழு அதை மாற்றியது. செய்தது மிக எளிமையான வேலை. டைட்டானியத்தை அடர்த்தியான காஸ்டிக் சோடாக் கரைசலில் 60 டிகிரியில் ஒரு நாள் ஊறவைத்தார்கள். எடுத்துக் கழுவி, 600 டிகிரி உலையில் ஒரு மணி நேரம் வைத்தார்கள். அவ்வளவுதான்.

காஸ்டிக் சோடா என்ன செய்கிறது? டைட்டானியத்தின் மேல் இயல்பாகவே சில நானோமீட்டர் தடிமனில் ஆக்ஸைடு படலம் உண்டு. காரம் அதைப் பாதி கரைத்து, சோடியம் டைட்டனேட் என்ற கூழ் போன்ற அடுக்காக மாற்றுகிறது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் தேங்காய் நார் பின்னியது போல நுண்ணிய வலை. உலையின் சூடு அதை உலர்த்தி உலோகத்தோடு இறுக்குகிறது. இந்தத் துண்டைப் போலி உடல் திரவத்தில் போட்டதும் பேரம் ஆரம்பிக்கிறது. வலையில் இருக்கும் சோடியம் வெளியே வந்து, திரவத்திலிருக்கும் ஹைட்ரோனியம் உள்ளே போகிறது. மேற்பரப்பு எதிர்மின் தன்மை அடைகிறது. நேர்மின் கொண்ட கால்சியம் அயனிகள் அதை நாடி வந்து உட்காருகின்றன. போதுமான கால்சியம் சேர்ந்ததும் மேற்பரப்பு நேர்மின்னாக மாறிவிடும். இப்போது பாஸ்பேட்டின் முறை. முதலில் ஒழுங்கில்லாத கால்சியம் பாஸ்பேட் படிகிறது, விகிதம் சுமார் 1.4. மெல்ல மெல்லத் திரவத்திலிருந்து கால்சியம் எடுத்து 1.65ஐ நெருங்கி அபடைட்டாகிறது. ஏழு நாளில் உலோகத்தின் வெள்ளிப் பளபளப்பு மறைந்து, சுண்ணாம்பு அடித்தது போல மங்கலான வெண்மை வந்துவிடும். பெரிதாக்கிப் பார்த்தால் காலிஃபிளவர் பூ போல உருண்டை உருண்டையாக, ஒவ்வோர் உருண்டையிலும் ஊசிமுனைத் தகடுகள். எக்ஸ்ரே கதிர்களைப் படிகத்தில் பட்டுச் சிதறவைத்துப் பார்க்கும் சோதனையில் அதன் கோடுகள் அகன்று மங்கலாக இருக்கும். படிகம் சின்னது, ஒழுங்கு குறைவு என்பதற்கு அடையாளம் அது. எலும்பின் கோடுகளும் அப்படித்தான் இருக்கும்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பிறகு வருகிறது. ஜப்பானில் 2007 முதல் இந்தக் காரச் சிகிச்சை செய்த செயற்கை இடுப்பு மூட்டு, நோயாளிகளுக்குப் பொருத்தப்படுகிறது. அதன் மேல் அபடைட் பூச்சு கிடையாது! காஸ்டிக் சோடா உண்டாக்கிய, ஒரு மைக்ரான் அளவே தடிமனுள்ள அந்த டைட்டனேட் வலை மட்டும்தான். அபடைட் வளர்வது நோயாளியின் உடம்புக்குள், நோயாளியின் சொந்தக் கால்சியத்திலிருந்து, நோயாளியின் சொந்தத் திரவத்தில். துளைகளுக்குள் திரவம் போகும் இடமெல்லாம் கனிமமும் போகும். உரிந்து விழத் தடிமனான பூச்சே இல்லை. போலித் திரவத்தில் செய்தது ஒத்திகை, உண்மையான வளர்ப்பு உள்ளே நடக்கிறது.

எல்லா உலோகமும் இப்படி ஒத்துழைக்காது. தூய டைட்டானியம் மென்மையானது என்பதால், பாரம் தாங்கும் இடங்களில் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்த கலவைதான் பெரும்பாலும் பயன்படுகிறது. அந்தக் கலவையின் விறைப்பு சுமார் 110 கிகாபாஸ்கல். ஸ்டீலுக்கு 200 வரை. எலும்புக்கு 10 முதல் 30தான். விறைப்பான உலோகம் பாரத்தையெல்லாம் தானே சுமந்துகொண்டால், வேலையில்லாத எலும்பு மெலிந்துவிடும். அதனால் நயோபியம், டாண்டலம், சிர்க்கோனியம் சேர்த்து 55, 60 கிகாபாஸ்கலுக்கு இறக்கிய புதுக் கலவைகள் வந்திருக்கின்றன. வனேடியம் உடலுக்கு ஆகாது என்ற கவலையும் அவற்றில் இல்லை. ஆனால் இந்தக் கலவைகளின் ஆக்ஸைடு வேறு, காரத்தோடு அது பழகும் விதமும் வேறு. ஒன்றுக்குப் பொருந்திய ஊறல் நேரமும் உலைச் சூடும் இன்னொன்றுக்குப் பொருந்தாது. சிலவற்றுக்குச் சோடியத்தை எடுத்துவிட்டுக் கால்சியத்தை ஏற்றும் கூடுதல் படி தேவைப்படுகிறது. கலவைக்குக் கலவை பதம் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் ஊருக்கு முக்கியமான உலோகம் எங்கள் அலமாரியில் இருக்கும் அதே 316எல் ஸ்டீல்தான். விலை குறைவு, வேலை செய்ய எளிது, எலும்பு முறிவுக்கு இங்கே கணிசமாகப் பயன்படுவது அதுவே. ஆனால் உடல் திரவம் உப்புத் தண்ணீர். ஸ்க்ரூ தலைக்கும் பிளேட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் நாளடைவில் அரிப்பு தொடங்கி நிக்கலும் குரோமியமும் கசியலாம். காஸ்டிக் சோடா வித்தை இதனிடம் எடுபடாது. ஆகவே மின்சாரத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த தண்ணீரில் ஸ்டீலை எதிர்மின்வாயாக வைத்து மெல்லிய மின்னோட்டம் கொடுத்தால், உலோகத்தை ஒட்டியிருக்கும் தண்ணீர் பிளந்து அங்கே மட்டும் காரத்தன்மை கூடும். கார நீரில் கால்சியம் பாஸ்பேட் கரைந்திருக்க முடியாது, அதே இடத்தில் படியும். பாத்திரம் முழுக்கத் தெளிவாக இருக்க, உலோகத்தின் தோலில் மட்டும் வெள்ளை ஏறும். தொல்லை என்னவென்றால் தண்ணீர் பிளக்கும்போது ஹைட்ரஜன் குமிழும் வரும், அது படிவில் பொத்தல் போடும். மின்னோட்டத்தை விட்டுவிட்டுக் கொடுத்து அதைக் குறைக்கிறார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகமும் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து, ஆல்கஹாலில் மிதக்கும் அபடைட் துகள்களை மின்னழுத்தத்தால் 316எல் மேல் இழுத்துப் படியவைத்து, அரிப்பு குறைவதை 2003 வாக்கிலேயே காட்டியிருக்கிறார்கள். அணு மையத்துக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஸ்டீல் உப்பு நீரில் எப்படி அரிக்கிறது என்பதை வாழ்நாளெல்லாம் படிக்கிறவர்கள் இருக்கும் இடம் அது.

குளிர்ந்த நிலையில் வளர்க்கும் பூச்சுக்கு இன்னொரு பெரிய லாபம் உண்டு. 37 டிகிரியில் படிகம் வளரும்போதே அதற்குள் மருந்தைப் புதைக்கலாம். எலும்பு வளரத் தூண்டும் புரதத்தையோ ஆன்டிபயாட்டிக்கையோ திரவத்தில் கலந்துவிட்டால் படிகங்களுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும், பூச்சு கரையக் கரைய வெளியே வரும். பிளாஸ்மா சுடரில் புரதம் சாம்பலாகிவிடும். இம்பிளான்ட் மேல் கிருமி ஒருமுறை குடியேறிவிட்டால், மாத்திரைக்கு மசியாமல் கடைசியில் மொத்தத்தையும் கழற்ற வேண்டிய கொடுமை நேர்வதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். வெள்ளி, ஸ்ட்ரான்ஷியம் அயனிகளைச் சேர்த்துப் பார்க்கும் முயற்சிகளும் நடக்கின்றன. பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிலும்தான் இருக்கின்றன.

போலி உடல் திரவத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அது ஐஎஸ்ஓ தரச் சோதனையாக 2007இல் ஏற்கப்பட்ட பிறகு, ஒரு பொருளை அதில் ஊறவைத்து, வெண்மை ஏறினால் உடனே ‘எலும்போடு இணையும்’ என்று எழுதிவிடும் பழக்கம் வந்துவிட்டது. 2009இல் போனர், லமேத்ர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். அவர்கள் வாதம் நியாயமானது என்றே நினைக்கிறேன். உண்மையான ரத்தத் தெளிவில் பைகார்பனேட் அளவு லிட்டருக்கு 27 மில்லிமோல், இந்தத் திரவத்தில் 4.2தான். காவல் காக்கும் புரதங்கள் ஒன்றுகூட இதில் இல்லை. பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் என்ற எலும்பு நிரப்புப் பொருள் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்றுப்போகும், ஆனால் எலும்புக்குள் வைத்தால் நன்றாகவே இணையும். அப்படியானால் சோதனை எதைச் சொல்கிறது? மேற்பரப்பு படிகத்துக்கு இடம் கொடுக்கிறதா என்பதை மட்டும். எலும்பு வருமா என்பதை எலும்பிடம்தான் கேட்க வேண்டும்.

அந்தப் படிவு எத்தனை நாள் இருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. ரொம்ப நாள் இருக்க வேண்டியதில்லை. எலும்பின் குணமுள்ள கனிமம் என்றால் எலும்பைத் தின்னும் செல்கள் அதையும் தின்னும். கட்டும் செல்கள் அந்த இடத்தில் நோயாளியின் எலும்பைக் கட்டும். சில வருடம் கழித்து அறுத்துப் பார்த்தால் எது நாம் வளர்த்தது, எது அவருடையது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

முறிவுக்கு வைத்துப் பின்னால் கழற்ற வேண்டிய பிளேட்டில் எலும்பைப் பிடிக்கவைக்கும் இந்த வித்தை கூடாது. டைட்டானிய பிளேட்டையே சில நேரம் கழற்ற முடியாமல் ஸ்க்ரூ தலை தேய்ந்து மருத்துவர்கள் திண்டாடுகிறார்கள். அங்கே இப்போது மெக்னீசியக் கலவையில் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள், எலும்பு கூடிய பிறகு தானாகக் கரைந்துபோகும் உலோகம் அது. பிரச்சினை, எலும்பு கூடுவதற்கு முன்பே, ஹைட்ரஜன் வாயுவை வெளியிட்டபடி வேகமாகக் கரைந்துவிடுகிறது. அதைத் தாமதப்படுத்த அதன் மேலும் அபடைட் வளர்க்கிறார்கள். இங்கே அந்தப் படிவின் வேலை எலும்பைப் பிடித்து வைப்பது மட்டுமல்ல. தண்ணீர் உலோகத்தைத் தொடாமல் சில மாதம் மறித்து நிற்க வேண்டும், அப்புறம் வழிவிட வேண்டும். அது சரியாக வந்துவிட்டால், முறிவுக்கு வைத்ததைக் கழற்ற இரண்டாவது முறை கத்தி வைக்க வேண்டியிருக்காது, அலமாரியில் உறைக்குள் போட்டு வைக்கவும் எதுவும் மிஞ்சாது.